பிரேக் பிடிக்காத பாராட்டு விழா

"சார், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்..."

செயலாளர் சட்டென்று நிமிர்ந்தார். இதே வாக்கியத்தைக் கொஞ்ச நாள் முன்னால் அவரிடம் மூன்று பேர் சொல்லியிருந்தார்கள். மூன்று பேருமே சொல்லி முடித்த கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்கள்தான். இப்போது சங்கத்தில் மிச்சமிருந்த ஒரே ஒரு தொண்டர், கட்டம்போட்ட சட்டைக்காரர், அதே வாக்கியத்தோடு மேஜை முன்னால் நின்றார்.

"அப்புறம் பேசலாம். முதல்ல இந்த நாற்காலி மெத்தையெல்லாம் வெயில்ல போட்டுடுங்க," என்றார் செயலாளர் அவசரமாக.

கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒரு பெருமூச்சு விட்டார். அப்புறம் மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலியை இரவல் கொடுக்கும் சங்கம் அது. கால் ஒடிந்தவர், ஆபரேஷன் செய்துகொண்டவர், வயதானவர், யாருக்கு வேண்டுமானாலும் வாங்கிப் போகலாம். தேவை முடிந்ததும் திருப்பித் தந்தால் போதும். இடம் ஒரு பழைய லாரி ஷெட். லாரி கழுவுகிற தண்ணீர் வழிந்தோட வேண்டும் என்று தரையை ஒரு பக்கமாகச் சரித்துப் போட்டிருந்தார்கள். மேஜையில் பென்சிலை வைத்தால் அது தானாகவே ராஜினாமா செய்துகொண்டு போய்விடும்.

பென்சில் போவதில் செயலாளருக்குக் கவலை இல்லை. ஆட்கள் போனதுதான் கவலை. அதற்குக் காரணம் ஆண்டு விழாவில் அவர் நிகழ்த்திய நன்றியுரை.

அதில் அவர் மைக் செட்காரருக்கு நன்றி சொன்னார். தண்ணீர் கேன் கொண்டுவந்தவருக்கு நன்றி சொன்னார். அன்றைக்குக் கரண்டைப் பிடுங்காமல் இருந்த மின்சார ஆபீசுக்கு நன்றி சொன்னார். பெய்யாமல் இருந்த மழைக்குக்கூடத் தனியாக ஒரு நன்றி சொன்னார். வருஷம் முழுக்க அந்தச் சங்கத்தைத் தோளில் சுமந்த மூன்று பேரை மட்டும் சுத்தமாக மறந்துவிட்டார். அவர்கள் மூவரும் அந்த நேரத்தில் மேடைக்குப் பின்னால் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்கள். மைக் செட்காரர் நல்ல வேலைக்காரர், ஒரு சொல் விடாமல் அங்கேயும் கேட்டது.

நாற்காலிகளைப் பழுது பார்க்கும் பஞ்சர் மாமா முதலில் போனார். ஷெட்டைத் திறந்து மூடி, போன் எடுத்து, வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் சாவி அக்கா அடுத்துப் போனார். நாற்காலி வாங்கிப் போன வீடுகளோடு பேசிக்கொண்டிருந்த டீச்சரம்மா கடைசியாகப் போனார்.

அன்று சாயங்காலமே செயலாளர் மன்னிப்புக் கேட்கப் பஞ்சர் மாமா வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வாங்க," என்றார் மாமா, கதவை ஒருசாண் மட்டும் திறந்து. "வருஷக்கணக்கா உங்ககூட வேலை செஞ்சேன். என் பேர் என்ன, சொல்லுங்க பார்ப்போம்?"

செயலாளர் திருதிருவென்று விழித்தார். "மாமா..."

"அது முறை. பேரு?"

"பஞ்சர்..."

"அது வேலை. பேரு?"

செயலாளர் மென்று முழுங்குவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. மற்ற இரண்டு வீட்டுக்கும் போகிற தைரியம் அவருக்கு வரவில்லை.

மறுநாள் காலையில் அவர் ஷெட்டுக்கு வந்தபோதுதான் கட்டம்போட்ட சட்டைக்காரர் வாசலில் நின்றிருந்தார். செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எல்லாரும் விட்டுட்டுப் போயிட்டாங்க. நீங்களாவது வந்தீங்களே!" என்று அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சார், நான் வந்து..."

"ஒண்ணும் சொல்லாதீங்க. முதல்ல உள்ளே வாங்க."

இவர் பேர் என்ன, எப்போதிருந்து வருகிறார் என்று எவ்வளவு யோசித்தும் செயலாளருக்கு ஞாபகம் வரவில்லை. கேட்கவும் முடியாது. பேர் தெரியாத குற்றத்துக்காக ஒரு கதவு ஏற்கெனவே முகத்தில் சாத்தப்பட்டிருக்கிறது. ஆகவே, "ஏங்க", "இங்க பாருங்க", "நம்ம ஆளு" என்று சமாளித்துக்கொண்டு வேலையைப் பிரித்துக் கொடுத்தார். பிரித்துக் கொடுத்தார் என்றால், எல்லாவற்றையும் அவரிடமே கொடுத்தார்.

அவரும் செய்தார். ஷெட்டைப் பெருக்கினார், சக்கரத்தைத் துடைத்தார், காற்றடித்தார். ஒவ்வொரு நாற்காலியையும் தட்டிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, தானே உட்கார்ந்தும் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். இப்படி ஒரு பொறுப்பான மனிதரை இத்தனை நாள் கண்டுகொள்ளாமல் விட்டோமே என்று செயலாளருக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் மனிதர் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது வந்து நின்று, "சார், ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார். செயலாளர் அதை முடிக்க விடவே இல்லை. ஒருமுறை ஏணியைப் பிடிக்கச் சொன்னார். ஒருமுறை, போன் அடிக்காமலே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமாங்க, சொல்லுங்க," என்று வெறும் போனோடு கால் மணி நேரம் குடும்ப நலம் விசாரித்தார்.

சங்கத் தலைவர் நிஜமாகவே போன் செய்தபோது விஷயம் முற்றியது.

"ஆளே இல்லாம சங்கம் எதுக்குங்க?" என்றார் தலைவர். "ஞாயித்துக்கிழமை ஒரு பாராட்டு விழா வையுங்க. போனவங்க திரும்பி வந்தாங்கன்னா சரி. இல்லைன்னா அன்னிக்கே பூட்டைப் போட்டு, சாவியை என் கையில குடுத்துடுங்க."

செயலாளர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதைச் சொன்னார். குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"பூட்டிட்டா நீங்க எங்க போவீங்க?"

"எங்க போறது? வீட்டுலதான்."

"தினமுமா?" மனைவியின் முகம் பேயறைந்தாற்போல ஆனது. "நீங்க ரிட்டயர் ஆன புதுசுல சமையலறை டப்பாவையெல்லாம் உயர வரிசையில அடுக்கினீங்களே, மறந்துட்டீங்களா? காப்பியில உப்பு போட்டு ரெண்டு பேரும் குடிச்சோம். வேண்டாங்க. எப்பாடு பட்டாவது விழாவை நடத்துங்க."

"அவங்க வரமாட்டாங்களே."

"அதை நான் பார்த்துக்கறேன். மிச்சம் இருக்கற அந்த ஒரு ஆளைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. அவர் பேரென்ன?"

"குழம்பு தீயுது பாரு," என்றார் செயலாளர்.

அந்தச் சங்கம் அவர் உயிர். நாற்காலி வந்து சேர்ந்ததும், மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த ஒருவர் வாசலுக்கு வந்து தெருவைப் பார்ப்பாரே, அந்த முகத்துக்காகவே அதை நடத்தினார். அந்த முகத்துக்கும் தனக்கும் நடுவில் எத்தனை பேர் கை இருந்தது என்று இந்த வாரம்தான் அவருக்குத் தெரிய ஆரம்பித்தது.

உதாரணமாக, டீச்சரம்மாவின் போன் வேலை. நாற்காலி ரொம்ப நாளாகத் திரும்பி வராத வீடுகளுக்குப் பேச வேண்டும், அவ்வளவுதானே என்று செயலாளர் போனை எடுத்தார்.

"வணக்கங்க. உங்க வீட்டுப் பெரியவருக்கு நாற்காலி வாங்கிட்டுப் போனீங்க. தேவை முடிஞ்சுதுன்னா திருப்பிக் குடுத்துடறீங்களா?"

எதிர்முனையில் நீளமாக ஓர் இருமல் கேட்டது.

"இன்னும் முடியலீங்க," என்றது ஒரு கிழக்குரல். "நான்தான் பேசறேன். கொஞ்சம் முன்னே பின்னே ஆகும்போல இருக்கு. மன்னிச்சுக்கணும்."

செயலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார். டீச்சரம்மா ஒரு நாளும் நாற்காலியைக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பார். நாற்காலி வர வேண்டிய நேரத்தில் தானாக வரும்.

"அதில்லைங்க பெரியவரே!" என்று செயலாளர் சமாளித்தார். "ஞாயித்துக்கிழமை எங்க விழாவுக்கு உங்களை அழைக்கத்தான் பண்ணினேன்."

"ஓ, அப்படியா! குடும்பத்தோட வர்றேன்."

இந்தச் சமாளிப்பு பிடித்துப்போய், அடுத்தடுத்த வீடுகளுக்கும் அதையே சொன்னார். சாயங்காலத்துக்குள் ஊரில் பாதி விழாவுக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை, ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். அவள் கணவனுக்குக் காலில் கட்டுப் போட்டிருந்தது. ஷெட்டில் நல்ல நிலையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. மற்றதெல்லாம் பஞ்சர் மாமா இல்லாமல் பிரேக் கெட்டு மூலையில் குவிந்து கிடந்தது.

"ஏங்க, அதை எடுத்துக் குடுங்க," என்றார் செயலாளர்.

கட்டம்போட்ட சட்டைக்காரர் நாற்காலியின் கைப்பிடியை விடவில்லை. "சார், இதை வந்து..."

"யோசிக்காதீங்க. பாவம், காத்துட்டு இருக்காங்க. குடுத்துடுங்க."

கொடுத்தார். நாற்காலி வேனில் ஏறுவதையும், வேன் தெருமுனையில் திரும்புவதையும் வாசலிலேயே நின்று பார்த்தார். அப்புறமும் கொஞ்ச நேரம் நின்றார். என்ன பற்று, என்ன பாசம் என்று செயலாளர் உருகிவிட்டார். இவருக்கு ஒரு ஷீல்டாவது கொடுக்காவிட்டால் தனக்குச் சோறு இறங்காது என்று முடிவு செய்து, ஷீல்டு கடைக்குப் போன் போட்டார்.

"பேர் என்ன சார் போடணும்?" என்றார் கடைக்காரர்.

"பேரா? அவருக்கு விளம்பரம் பிடிக்காதுங்க. 'ஓசையில்லாமல் உழைக்கும் உத்தமர்'னு போட்டுடுங்க. போதும்."

ஷீல்டை வாங்கி வர ஆள்? வேறு யார் இருக்கிறார்கள்? கட்டம்போட்ட சட்டைக்காரரைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. "அதுல எழுதியிருக்கறதைப் படிக்காம கொண்டு வாங்க," என்று சொல்லி அனுப்பினார். தன் பாராட்டு விழாவுக்குத் தானே பெருக்கி, தானே பேனரைக் கட்டி, தன் ஷீல்டைத் தானே காகிதத்தில் சுற்றி எடுத்து வந்தார் அந்த மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வந்தது, உட்கார நாற்காலி வரவில்லை. வாடகைக் கடைக்குச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது, முந்தின நாள் சாயங்காலம் மறுபடி ஒரு தடவை ஞாபகப்படுத்த வேண்டும். அது சாவி அக்காவுக்குத்தான் தெரியும். செயலாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"உக்காரத்தானே? இதுல உக்காரட்டும்," என்று மூலையில் குவிந்திருந்த பழுது நாற்காலிகளைக் காட்டினார் அவர். 

"சார், அதுல பிரேக்..." என்றார் கட்டம்போட்ட சட்டைக்காரர்.

"யாரும் ஓட்டப் போறதில்லைங்க. வரிசையாப் போடுங்க."

மேடை ஷெட்டின் ஒரு கோடியில் இருந்தது. பேனர் மாட்டுகிற ஆணி அங்கேதான் இருந்ததால் மேடையையும் அங்கே போட்டார் செயலாளர். தரை சரிவது அந்தக் கோடியை நோக்கித்தான் என்பதை அவர் அப்போது நினைக்கவில்லை.

முன் வரிசையில் தலைவர், ஷெட் சாவிக்கொத்தை முன்கூட்டியே வாங்கி ஆட்டிக்கொண்டு, கம்பீரமாக அமர்ந்தார். மூன்று பழைய தொண்டர்களும் பின்னால் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். செயலாளரின் மனைவி வீடு வீடாகப் போய், "உங்களுக்கு நன்றி சொல்ல அவருக்குத் தெரியாது. ஆனா நீங்க இல்லாம அவர் படற பாட்டை வந்து பாருங்க, நல்லா இருக்கும்," என்று சொல்லியிருந்தாள். பாராட்டு வாங்க வராதவர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

செயலாளர் மைக்கைப் பிடித்தார். "தொண்டு என்பது..." என்று ஆரம்பித்து நிமிர்ந்தபோது, தலைவர் கொஞ்சம் பக்கத்தில் வந்திருந்த மாதிரி இருந்தது. பேச்சு பிடித்துத்தான் முன்னால் வருகிறார் என்று எண்ணி, குரலை உயர்த்தினார். தலைவர் இன்னும் பக்கத்தில் வந்தார். அவர் கூடவே முன் வரிசை முழுவதும் வந்தது. அதன் பின்னால் இரண்டாவது வரிசையும் புறப்பட்டது.

"யோவ், பிடிங்கய்யா!" என்று கத்தினார் தலைவர்.

தன் வாழ்நாளில் ஒரு கூட்டம் இப்படித் தன்னை நோக்கித் திரண்டு வந்து செயலாளர் பார்த்ததில்லை. அவர் உணர்ச்சிவசப்பட்டு, "உங்க அன்புக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன்!" என்று சொன்ன வினாடியில் தலைவர் மேடையில் வந்து மோதினார். பேனர் அவிழ்ந்து அவர்மேல் விழுந்து தலை முதல் கால் வரை மூடியது. 'கண்ணுக்குத் தெரியாமல் உழைப்பவர்களுக்கு நன்றி' என்ற எழுத்துகளுக்குக் கீழே தலைவர் கண்ணுக்குத் தெரியாமல் உழைத்துக்கொண்டிருந்தார்.

அசையாமல் இருந்தவர் போனில் இருமிய பெரியவர் மட்டும்தான். அவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்த நாற்காலியில் பிரேக் இரும்பாகப் பிடித்தது. "இது அவர் போட்ட பிரேக்கு," என்று சுவரோரம் நின்ற பஞ்சர் மாமாவைக் காட்டிக் கைதட்டினார்.

பஞ்சர் மாமாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "பிரேக் ஒயரை இப்படியா தொங்க விடுவாங்க! நகருங்க எல்லாரும்!" என்று சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை உருவிக்கொண்டு தரையில் படுத்துவிட்டார். கோபித்துக்கொண்டு போனவருக்குப் பையில் ஸ்பேனர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. சாவி அக்கா, "யாரும் எழுந்திருக்காதீங்க! சக்கரத்துக்கு அண்டை குடுங்க, செங்கல் அந்த மூலையில இருக்கு!" என்று உத்தரவு போட்டார். டீச்சரம்மா பயந்துபோன குழந்தைகளை ஒருபக்கமாக ஒதுக்கி, பெரியவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, "ஒண்ணுமில்லைங்க, நிகழ்ச்சியில இதுவும் ஒரு அயிட்டம்," என்றார்.

பத்து நிமிஷத்தில் எல்லாம் அடங்கியது. செயலாளர் மறுபடி மைக்கை எடுத்தார். எழுதி வைத்திருந்த பேச்சு எங்கோ உருண்டு போயிருந்தது.

"எனக்கு உங்க பேரு தெரியாது," என்றார். "அது என் தப்பு. இத்தனை நாள் நாற்காலி தானா சரியாகுது, கதவு தானா திறக்குது, வாங்கிட்டுப் போனவங்க தானா திருப்பிக் குடுக்கறாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன். எதுவும் தானா நடக்கலைன்னு இந்த வாரம் புரிஞ்சுது. நீங்க மூணு பேரும் வராட்டி எனக்கு இந்தச் சங்கம் வேண்டாம். பேரைச் சொல்லுங்க, இன்னிக்கு மனப்பாடம் பண்ணிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்."

டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஞ்சர் மாமா நாற்காலிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "பேரை நாளைக்குக் காலையில வந்து சொல்றேன். இதை முடிச்சுக்கறேன்," என்றார். சாவி அக்கா முன்னால் வந்து, தலைவர் கையில் ஆடிக்கொண்டிருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். செயலாளரின் மனைவி விட்ட நிம்மதிப் பெருமூச்சு மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

"இன்னும் ஒருத்தர் இருக்கார்!" என்றார் செயலாளர். "எல்லாரும் போன பிறகும் போகாதவர். கூலி கேட்கலை, பேர் கேட்கலை, ஒரு நாள் உக்காரலை. இந்த ஷீல்டு அவருக்கு!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. கட்டம்போட்ட சட்டைக்காரர் திகைத்துப்போய் மேடையேறினார்.

"யாரு இவரு? நீங்க சேர்த்த ஆளா?" என்று சாவி அக்கா டீச்சரம்மாவின் காதைக் கடித்தார்.

"நான் இல்லையே. நீங்க சேர்த்ததுன்னு நெனச்சேன்."

செயலாளர் ஷீல்டைக் கொடுத்து, கட்டிப்பிடித்து, இனிமேல் இவர் எங்கே போய்விடப் போகிறார் என்ற தைரியத்தில், முதல்முறையாக மைக்கையே அவர் கையில் கொடுத்தார். "இப்பச் சொல்லுங்க. என்ன வேணும்னாலும் சொல்லுங்க!"

அவர் ஷீல்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். கூட்டத்தை ஒருதரம் பார்த்தார். அப்புறம், கீழே பஞ்சர் மாமா பிரேக்கை முடுக்கி முடித்திருந்த முதல் நாற்காலியைப் பார்த்தார்.

"இதை நீங்களே வச்சுக்குங்க சார், எனக்கு அந்த நாற்காலியைக் குடுங்க, அன்னிக்கு எங்கம்மாவுக்கு ஒண்ணு இரவல் கேட்கத்தான் உங்க வாசல்ல வந்து நின்னேன்."